ஊருக்கு வெளியிலயே முடியுற காதல் கதைகள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, ஊரும் உறவும் ஒதுக்கி வச்ச மனுஷங்களோட காதலைப் பேசுற படங்கள் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைன்னு டெல்டா பக்கத்துல இருந்துதான் நிறைய வந்துச்சு, அதுல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன்.

மன்னார்குடி வாசகர்: 'பேரன்பு' கிளைமாக்ஸ்ல அமுதவன், பாப்பா, மீரா மூணு பேரும் ஒரே குடும்பமா சேர்றதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆனா என் ஃப்ரெண்ட் கேக்குறான், "ஒதுக்கப்பட்டவங்க ஒதுக்கப்பட்டவங்களோடயே சேர்ந்துக்கிட்டா ஊருக்கு என்ன நஷ்டம்?"னு. நீங்க என்ன சொல்றீங்க?

உங்க ஃப்ரெண்டு கேட்டது ரொம்ப முக்கியமான கேள்விங்க. படம் பார்க்காதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். 2019 பிப்ரவரில வந்த படம், ராம் டைரக்‌ஷன், மூளை முடக்குவாதத்தோட பொறந்த பொண்ணு பாப்பாவா சாதனா, அவளை தனியா வளர்க்குற அப்பா அமுதவனா மம்மூட்டி, மீராங்கிற திருநங்கையா அஞ்சலி அமீர். பொண்டாட்டி விட்டுட்டு போயிடுறா, சொந்தக்காரங்களுக்கு பாப்பா பக்கத்துல இருக்கறதே பிடிக்கல, மலை மேல தனி வீட்டுக்கு போறாங்க, அதுவும் நிலைக்கல, சிட்டிக்கு வந்து லாட்ஜ்ல தங்குறாங்க, அங்கயும் வாழ விடல, கடைசில அப்பா பொண்ணைத் தூக்கிக்கிட்டு கடலுக்குள்ள இறங்குறப்ப மீரா வந்து காப்பாத்துறா.

அந்த மூணு பேருக்கு அந்த முடிவு ரொம்ப சரின்னுதான் நான் நினைக்கிறேன், ஏன்னா மீரா அவங்க மேல இரக்கப்பட்டு சேர்த்துக்கல, அவளையும் இதுவரைக்கும் யாரும் குடும்பமா வாழலாம் வான்னு கூப்பிட்டது இல்ல. அவளுக்கு ஒரு புருஷன் கிடைக்கிறான், ஒரு மக கிடைக்கிறா, அமுதவனுக்கும் பாப்பாவுக்கும் இந்த உலகத்துல முகத்தை சுளிக்காத ஒரு ஆளு கிடைக்கிறா. யாரும் யாருக்கும் கடன்பட்டவங்க இல்ல, அதுதான் அந்தக் காதல்ல எனக்கு பிடிச்சதே.

ஆனா உங்க ஃப்ரெண்டு கேக்குறது நம்மளைப் பத்தி. அவங்களை துரத்துன ஆளுங்க ஒருத்தர் கூட படத்துல திரும்பி வந்து மன்னிப்பு கேக்கல. டைரக்டர் நேர்மையாதான் வச்சிருக்காரு, நிஜத்துலயும் யாரும் கேக்கறதில்ல. இருந்தாலும் படத்துக்கு படம் மலை உச்சி, கடற்கரை, லாட்ஜ் ரூம், ஓடுற ரயில்னு ஊருக்கு வெளியிலயே கதையை முடிச்சா தியேட்டர்ல அழுதுட்டு வர்ற நமக்கு வேலையே இல்லாம போயிடுது. நம்ம டெல்டா கிராமம் எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும், அக்ரஹாரம், குடியானத்தெரு, அதுக்கு அந்தாண்ட வாய்க்கால் தாண்டி காலனி, ஒரு ஆளு எந்தத் தெருன்னு சொன்னாலே மத்த எல்லாத்தையும் முடிவு பண்ணிடற ஊருங்க இது. மீரா மாதிரி ஒருத்தர் மன்னார்குடில வாடகைக்கு வீடு கேட்டு போனா வீட்டுக்காரம்மா என்னென்ன கேப்பாங்க, எத்தனை வீட்ல கதவை சாத்துவாங்க, கடைசில யாராவது ஒருத்தர் சாவியைக் குடுத்தா அவங்க ஏன் குடுத்தாங்க, அக்கம் பக்கத்துல அவங்களை என்ன பேசுவாங்க? இந்த வீடு கேக்குற சீனை ஒரு அரை மணி நேரத்துக்கு ஒருத்தர் ஒழுங்கா எடுக்கணும்னு நான் ரொம்ப நாளா ஆசைப்படறேன். அங்கதான் ஊருக்கும் கதையில ஒரு வேஷம் கிடைக்குது.

தஞ்சாவூர் வாசகி: நான் ஒரு திருநங்கை. எங்க கதையை எடுக்கறப்ப எல்லாம் ஒரு ஹீரோவுக்கு சேலை கட்டி விட்டு அவருக்கு அவார்டு குடுக்கறாங்க. எங்கள்ல நடிக்க ஆளே இல்லையா அக்கா?

இருக்காங்க தோழி, கூப்பிடத்தான் மாட்டேங்கிறாங்க. 2019 மார்ச்ல 'சூப்பர் டீலக்ஸ்' வந்துச்சு, ஷில்பாவா விஜய் சேதுபதி, அதுக்கு சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதும் கிடைச்சுது. நடிப்பை நான் குறை சொல்லல. ஷில்பாவோட பையன் ராசுக்குட்டி எந்தத் தயக்கமும் இல்லாம அப்பா கையைப் பிடிச்சிக்கிட்டு ஸ்கூலுக்கு போறதெல்லாம் மனசுல நிக்குது. ஆனா ஷில்பா பிள்ளை கடத்துற வேலையில சம்பந்தப்பட்டிருந்ததா கதையில வச்சதை அப்பவே பல திருநங்கைகள் கண்டிச்சாங்க, அது நியாயமான கோபம், ஏன்னா அந்த பழியால நிஜத்துல அடி வாங்கறது நீங்கதான். எழுதற இடத்துல உங்கள்ல ஒருத்தர் உக்காந்திருந்தா அந்த சீன் பேப்பர்லயே நின்னிருக்கும்.

சிலி நாட்டுல 'எ ஃபென்டாஸ்டிக் உமன்'னு ஒரு படம் எடுத்தாங்க. ஒரு திருநங்கையோட காதலன் திடீர்னு செத்துடறான், அவனோட குடும்பம் அவளை இறுதிச் சடங்குக்கே வரக்கூடாதுன்னு தடுக்குது, கதை இவ்வளவுதான். டானியலா வேகாங்கிற திருநங்கையை முதல்ல கதைக்கு ஆலோசனை சொல்லத்தான் கூப்பிட்டாங்க, அப்புறம் அவங்களையே நாயகியா போட்டுட்டாங்க. 2018ல அந்தப் படம் வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்குச்சு, அதே வருஷக் கடைசில சிலில பாலின அடையாளச் சட்டமும் வந்துச்சு. அந்தச் சட்டத்துக்காக அங்க பல வருஷமா போராடிக்கிட்டு இருந்தாங்க, சரியான நேரத்துல படமும் அந்த அம்மாவோட முகமும் நாடு முழுக்க போய் சேர்ந்துச்சு. துக்க வீட்டு வாசல்ல நிக்க வச்சு திருப்பி அனுப்பற அந்த வலி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இன்னொன்னும் சொல்லணும், நீங்க தஞ்சாவூர்ங்கறதால. மதுரைல பொறந்து வீட்டை விட்டு வந்த நர்த்தகி நடராஜ் உங்க ஊர்ல, பரதத்துக்கு பேர் போன அண்ணன் தம்பி நாலு பேரான தஞ்சை நால்வர் பரம்பரைல வந்த கிட்டப்பா பிள்ளைகிட்டதான் வருஷக்கணக்கா பரதம் கத்துக்கிட்டாங்க. அரண்மனை வரைக்கும் ஆடவச்ச ஒரு பரம்பரை, உலகமே கேலி பண்ணி துரத்துன ஒருத்தரை சிஷ்யையா ஏத்துக்கிட்டு, சாமியை காதலனா நினைச்சு ஆடற நாயக நாயகி பாவத்தை எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கு. 2019ல அவங்களுக்கு பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. திருநங்கைகள்ல அந்த விருது முதல்ல கிடைச்சது அவங்களுக்குத்தான். ஒரே வருஷம், முதல் நாலு மாசத்துக்குள்ள அந்த பத்மஸ்ரீ, பேரன்பு, சூப்பர் டீலக்ஸ், கூடவே கீழ திருவாரூர் மாணவிக்கு நான் சொல்லப் போற ஹைகோர்ட்டு தீர்ப்பு எல்லாமே வந்துச்சு. அந்த குருவும் சிஷ்யையும் இருந்த வீட்டுக் கதையை இன்னும் யாரும் தமிழ்ல படமா எடுக்கலங்கறது எனக்கு பெரிய குறை.

கும்பகோணம் வாசகர்: திருநங்கை கதைன்னாலே கூவாகம் சீன் கட்டாயமா?

கட்டாயம் இல்ல. சித்திரை மாசம் கூவாகம் கூத்தாண்டவர் கோயில்ல திருநங்கைகள் அந்த சாமியையே புருஷனா நினைச்சு தாலி கட்டிக்கிட்டு மறுநாள் தாலி அறுத்து அழுவாங்க, கேமரா அந்த அழுகைக்கு மட்டும்தான் போகுது. அதுக்கு முந்தின நாட்கள்ல எங்கெங்கயோ இருக்கற ஜமாத்து (திருநங்கைகள் குடும்பமா சேர்ந்து வாழற கூட்டம்) அம்மாக்களும் மகள்களும் ஒண்ணு சேர்றது, ஒருத்தருக்கொருத்தர் சேலை எடுத்து குடுக்கறது, பழைய காதலன் வந்திருக்கானான்னு கூட்டத்துல தேடறது, இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம். யார் யாரை எப்படி அம்மாவா, மகளா ஏத்துக்கிட்டாங்கன்னு கேட்டாலே பத்து படத்துக்கு கதை வரும்.

திருவாரூர் சட்டக் கல்லூரி மாணவி: படத்துல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணத்தைப் பதிய மாட்டேன்னு சொல்ற மாதிரி காட்டுறாங்க. நிஜத்துல சட்டம் என்ன சொல்லுது?

நீங்க படிக்கறதுதான், இருந்தாலும் மத்தவங்களுக்காக சொல்றேன். 2018 அக்டோபர் 31ல தூத்துக்குடில ஒரு கோயில்ல ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, பதிய மாட்டேன்னு சொல்லிட்டாங்க, மதுரை ஹைகோர்ட்டு கிளைக்கு போனாங்க. 2019 ஏப்ரல் 22ல நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்துல சொல்ற மணமகள்ங்கறதுல திருநங்கையும் அடக்கம், பதிஞ்சு குடுங்கன்னு தீர்ப்பு சொன்னாரு. 2023 அக்டோபர் 17ல சுப்ரீம் கோர்ட்டு ஒரே பாலினத்தவர் கல்யாணத்துக்கு சட்ட அங்கீகாரம் தர மறுத்துச்சு, ஆனா ஒரு ஆணும் திருநங்கையும், இல்ல ஒரு பொண்ணும் திருநம்பியும் (பொண்ணா பொறந்து ஆணா வாழறவர்) இப்ப இருக்கற சட்டப்படியே கல்யாணம் பண்ணிக்கலாம்னு அதே தீர்ப்புல தெளிவா சொல்லியிருக்கு. அதனால படத்துல ஆபீஸர் முடியாதுன்னு சொல்றதோட சீனை கட் பண்ணிட்டு சோகப் பாட்டு போடறது எனக்கு ஒப்பல, அடுத்து அந்த ஜோடி ஒரு வக்கீலைப் பார்க்கறதையும் காட்டுங்க, பார்க்கறவங்கள்ல ஒருத்தருக்காவது அது வழி சொல்லும்.

பாபநாசம் வாசகி: என் பையனுக்கு 20 வயசு, காலேஜ் படிக்கிறான். தனக்கு பசங்க மேலதான் ஈர்ப்புன்னு என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான். அவங்க அப்பாகிட்ட சொல்லவே பயமா இருக்கு, மாமியாரும் கூடவே இருக்காங்க. எந்தப் படத்தைப் போட்டுக் காட்டினா அவங்களுக்கு புரியும்?

அக்கா, முதல்ல ஒண்ணு, உங்க பையன் உங்களை நம்பி சொல்லியிருக்கான், அது சாதாரண விஷயம் இல்ல. அதனால அவன்கிட்ட கேக்காம எந்தப் படத்தையும் வீட்ல போடாதீங்க. அப்பாவுக்கு எப்ப தெரியணும், தெரியணுமாங்கறதே அவன் எடுக்க வேண்டிய முடிவு. நீங்க ஆசையா படத்தைப் போட்டு, அவங்க அப்பா ஏதாச்சும் கேவலமா பேசி, அவன் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தான்னா அவன் மனசு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அவன் சரின்னு சொன்னா, மலையாளத்துல 2023 நவம்பர்ல வந்த 'காதல் - தி கோர்' பாருங்கன்னு சொல்வேன். ஜியோ பேபி எடுத்தது, மம்மூட்டியும் ஜோதிகாவும் புருஷன் பொண்டாட்டி. இதைச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. இதுல வன்முறை இல்ல, ரத்தம் இல்ல, படம் யாரையும் கேலி பண்ணல, மாமியாரோட உக்காந்து பார்க்கலாம். மேத்யூங்கற ரிட்டையர்டு பேங்க் ஆபீஸர் பஞ்சாயத்து இடைத்தேர்தல்ல நிக்கறாரு, அதே நேரத்துல அவரோட மனைவி ஓமனா விவாகரத்து கேட்டு கோர்ட்டுக்கு போறாங்க, இவருக்கு தங்கன்னு ஒரு ஆளோட இருக்கற உறவு ஊருக்கே தெரிய வருது. இருபது வருஷமா அந்த வீட்ல எல்லாரும் எதையும் பேசாமலே வாழ்ந்திருக்காங்க, வயசான அப்பாவுக்கும் தெரியும், தெரிஞ்சேதான் கல்யாணம் பண்ணி வச்சிருக்காரு. அந்த அப்பாவும் மகனும் கட்டிப்பிடிச்சு அழற இடத்துல உங்க வீட்டுக்காரரு முகத்தைப் பாருங்க, அவரு கண்ணு கலங்கினா பாதி வேலை முடிஞ்சுது.

இன்னொன்னு, ஓமனாவை மறந்துடாதீங்க. "ஒரு கால் கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்"னு நம்ம பக்கத்துல சொல்லுவாங்க இல்லையா, அப்படி கால் கட்டு போட்டதுல இன்னொரு பொண்ணோட இருபது வருஷம் போச்சுன்னு அந்தப் படம் காட்டுற அளவுக்கு நான் வேற எங்கயும் பார்த்ததில்ல. ஓமனா புருஷனை வெறுத்து கேஸ் போடல, நீயும் வாழு நானும் வாழறேன்னுதான் போடறா. மாமியார்கிட்ட பேச நல்ல இடம் அதுதான், பையனோட நியாயத்தை அவங்க ஏத்துக்க நாளாகலாம், ஒரு பொண்ணு வாழ்க்கை வீணாப் போறது அவங்களுக்கு உடனே புரியும்.

அப்புறம் அந்த எலெக்‌ஷன். ஊரு சனம் வரிசைல நின்னு அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைக்குது. மன்னார்குடிக்காரருக்கு மேல சொன்னேன் இல்லையா, ஊருக்கும் கதையில வேஷம் வேணும்னு, அதை நான் முழுசா பார்த்தது இந்தப் படத்துலதான். ஓடிப் போகல, மலை ஏறல, அதே வார்டுல, அதே சர்ச்சுக்கு போற சனத்துக்கு நடுவுல அவரு நிக்கறாரு. கேரள அரசோட சிறந்த படத்துக்கான விருதும் வாங்குச்சு.

சொந்தக்காரங்க யாராவது டாக்டர்கிட்ட காட்டு, சாமியார்கிட்ட மந்திரிச்சு விடுன்னு வந்தா கேக்காதீங்க. இது வியாதி இல்லன்னு இந்திய மனநல மருத்துவர் சங்கமே 2018ல சொல்லிடுச்சு. 2021ல சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மாத்தறேன்னு சொல்லி எந்த சிகிச்சையும் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாரு. அந்தத் தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி தனக்கு இது புரியணும்னு அவரே ஒரு மனநல நிபுணர்கிட்ட உக்காந்து பேசி கத்துக்கிட்டதா தீர்ப்புலயே எழுதியிருக்காரு, அதை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, ஒரு ஜட்ஜே கத்துக்கிட்டாருன்னா நாம கத்துக்கறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. நாள் ஆகட்டும்க்கா, அவசரப்படாதீங்க, பையன் சாப்பிட்டானா தூங்கினானான்னு மட்டும் கவனிச்சுக்கிட்டே இருங்க.

நாகப்பட்டினம் வாசகர்: சாதி மாறி காதலிச்சா படத்துல யாராவது ஒருத்தர் செத்தே ஆகணுமா? பார்த்து பார்த்து வெறுப்பா இருக்கு.

சாவைக் காட்டுறதை நான் பொய்னு சொல்ல மாட்டேன், உங்க மாவட்டத்துலதான் கீழ்வெண்மணி இருக்கு, 1968 டிசம்பர் 25 ராத்திரி கூலி கேட்ட சனம் 44 பேர் ஒரே குடிசைல எரிஞ்சு போன மண்ணு, அங்க உக்காந்துக்கிட்டு சினிமாக்காரங்க மிகைப்படுத்தறாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா உயிரோட இருக்கற ஜோடிகளும் இருக்காங்களே, அவங்களை ஏன் யாரும் எடுக்கலங்கறதுதான் என் ஆதங்கம். கலப்புத் திருமணத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி பேர்ல அரசு உதவித் திட்டம் இருக்கு, 8 கிராம் தங்கமும், பட்டதாரியா இருந்தா 50,000 ரூபாயும் படிப்பு குறைவா இருந்தா 25,000 ரூபாயும் குடுக்கறாங்க, அதுக்கு ஆபீஸ் படி ஏறி இறங்கற ஜோடிகள் நம்ம பக்கத்துலயும் இருக்காங்க. அதுல பல பேரு திருப்பூர்லயோ சென்னைலயோ தான் குடித்தனம் பண்றாங்க. ஊர் மாற மாட்டேங்குது, ஜோடிதான் ஊர் மாறுது.

அப்படி போன பொண்ணு அம்மா இறந்த சேதி கேட்டு அஞ்சு வருஷம் கழிச்சு ராத்திரி பஸ்ஸுல வந்து வேதாரண்யம் ரோட்டுல இறங்குறா, கூட புருஷன், இடுப்புல குழந்தை. பந்தல்ல யாரு நகர்ந்து இடம் விடறாங்க, யாரு எழுந்து போறாங்க, பதினாறாம் நாள் காரியத்துக்கு இருன்னு அண்ணன் சொல்றானா இல்லையா? இந்த ஒரு நாளை வச்சே ரெண்டு மணி நேர படம் எடுக்கலாம். ஒருத்தர் கூட சாக வேண்டாம், பார்க்கறவங்க நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும்.

மயிலாடுதுறை வாசகி: நம்ம டெல்டாவுல இருந்து இப்படி ஒரு காதல் கதை எடுக்கணும்னா எதை எடுக்கலாம்?

உங்க ஊருக்கு பக்கத்துலயே இருக்குதுங்க, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். பல பேருக்கு அந்தப் பேரு கல்யாண உதவித் திட்டத்தோட பேராத்தான் தெரியும், 2022ல அதை புதுமைப் பெண் திட்டமா மாத்தி, அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்க காலேஜ் போனா மாசம் 1,000 ரூபாய் குடுக்கறாங்க. ஆனா அந்தம்மா வாழ்க்கை ஒரு பெரிய காதல் கதை. 1883ல பொறந்தவங்க, வறுமைல பெத்தவங்க கைவிட்டு தேவதாசி வீட்ல வளர்ந்தவங்க, பொட்டு கட்டி (கோயிலுக்கு தேவதாசியா நேர்ந்து விடற சடங்கு) ஒரு கிழவருக்கு தாரை வார்க்க பார்த்தப்ப முடியாதுன்னு நின்னு, தனக்கு பாட்டு சொல்லிக் குடுத்த சுயம்பு பிள்ளையை கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அந்தக் காலத்துல தேவதாசியா வளர்த்த பொண்ணுக்கு கல்யாணம்ங்கறதே கிடையாது, புருஷன்னு ஒருத்தன் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஒரு பொண்ணை மனைவின்னு கூட்டிக்கிட்டு தெருவுல நடந்த அந்த சங்கீத வாத்தியாரும் லேசுப்பட்ட ஆளு இல்ல.

அதோட நிக்கல, அந்தம்மா ஊர் ஊரா போய் பொட்டுக்கட்டுக்கு எதிரா பேசினாங்க, 1936ல 'தாசிகள் மோசவலை'ன்னு நாவலே எழுதினாங்க, 1938ல இந்தி எதிர்ப்புப் படையோட திருச்சில இருந்து சென்னைக்கு நடந்தாங்க, 1947ல தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததை கண்ணால பார்த்துட்டு 1962ல இறந்தாங்க. நான் மேல கேட்டது எல்லாமே இதுல இருக்கு, ரெண்டு பேரும் சாகாம சேர்ந்து வாழ்ந்திருக்காங்க, ஊரை விட்டு ஓடாம ஊரோட பேரையே தன் பேருக்கு முன்னாடி வச்சுக்கிட்டு ஊரையும் சட்டத்தையும் மாத்த வச்சிருக்காங்க. இதை எடுக்கறவங்க பரதநாட்டிய செட்டு, நகை, பட்டுன்னு போயிடாம அந்த ரெண்டு பேரும் வாடகைக்கு வீடு தேடினது, சந்தைக்கு போனது, பிள்ளைக்கு ஸ்கூல்ல அப்பா பேரு கேட்டப்ப என்ன சொல்லியிருப்பாங்கங்கறது, அதுல இருந்து கதையை ஆரம்பிக்கணும். நம்ம பக்கத்து பிள்ளைங்க எத்தனையோ பேரு சென்னைல உதவி டைரக்டரா இருக்காங்க, அவங்கள்ல யாராவது இதை எழுத உக்காந்தா ஆசிரியர் முகவரிக்கு ஒரு கடுதாசி போடுங்க, படிச்சதை எல்லாம் எடுத்துக்கிட்டு மூவலூருக்கு நானே கூட வர்றேன்.